'நல்லா இருக்கேம்மா'ன்னு சொன்னா போதுமா?

நீங்க வெளிநாட்டுல படிச்சுக்கிட்டு இருக்கீங்கன்னு வெச்சுக்குவோம். டாக்டருக்கோ, எம்.எஸ்.ஸுக்கோ, ஏதோ ஒண்ணு. போன வாரம் வரைக்கும் அமைதியா இருந்த ஊர்ல திடீர்னு கலவரம். மெயின் ரோட்டுல பஸ் எரியுது. கடைக்காரங்க அவசர அவசரமா ஷட்டரை இறக்குறாங்க. ராத்திரி ஊரடங்கு. ஆனா உங்க ஹாஸ்டல் இருக்கிற சந்துல மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. மெஸ்ல அதே உப்பில்லாத பருப்பு, பக்கத்து ரூம்ல அதே குறட்டை!

அதே நேரம் தேனியிலோ திருவாரூரிலோ உங்க வீட்டு ஹால்ல டி.வி. ஓடிக்கிட்டு இருக்கு. அதுல அந்த ஊரே பத்தி எரியுது. உங்க போன் அடிக்குது. அம்மா.

"ஒண்ணும் இல்லம்மா. நான் நல்லா இருக்கேன். நீ சும்மா டி.வி.யைப் பார்த்துட்டுப் பயப்படாத. வெச்சிடறேன்."

இதானே சொல்வீங்க? நம்மில் முக்கால்வாசிப் பேர் சொல்றது இதைத்தான். இதைவிட மோசமான பதில் கிடையாது பாஸ்!

ஏன்னு கேளுங்க. அம்மா கண்ணால புகையைப் பார்த்துட்டாங்க. நீங்க "ஒண்ணும் இல்ல"ங்கறீங்க. இந்த ரெண்டையும் சேர்த்துவெச்சு அவங்க போடுற கணக்கு ஒண்ணுதான்: 'புள்ள மறைக்கிறான்.' அந்த நிமிஷத்துல இருந்து நீங்க எத்தனை தடவை 'நல்லா இருக்கேன்'னு சொன்னாலும் அது எடுபடாது. கை உடைஞ்சிருக்குமோ, போலீஸ் பிடிச்சுட்டுப் போயிருக்குமோ, பக்கத்துல யாராவது நின்னு சொல்லச் சொல்றாங்களோன்னு ராத்திரி முழுக்க ஒரு சினிமாவே ஓடும். அப்பாவைப் பத்திச் சொல்லவே வேண்டாம். போன்ல "ம்... சாப்டியா... ஜாக்கிரதை... அம்மாகிட்ட குடுக்கறேன்" அவ்வளவுதான் பேசுவார். விடிய விடிய முழிச்சுக்கிட்டு சேனல் மாத்துறது அவராத்தான் இருக்கும்.

அஞ்சு நாள் சத்தமே இல்லை

இது கற்பனைன்னு நினைச்சுக்காதீங்க. 2024 ஜூலையில் பங்களாதேஷில் அச்சு அசலாக இதுதான் நடந்தது.

1971 விடுதலைப் போரில் பங்கெடுத்தவர்களின் வாரிசுகளுக்கு அரசு வேலையில் 30 சதவிகிதம் ஒதுக்கீடு என்று ஒரு ஏற்பாடு அங்கே இருந்தது. 2018-ல் ரத்தான அதை, 2024 ஜூனில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று திரும்பக் கொண்டுவந்தது. 'படிச்சு முடிச்சா வேலை எங்கே?' என்று மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஜூலை 16-ல் ரங்பூரில் அபு சயீத் என்ற பல்கலைக்கழக மாணவர், போலீஸுக்கு எதிரே ரெண்டு கையையும் விரித்து நின்றவர், சுடப்பட்டு இறந்தார். அன்று ராத்திரியே கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும் மூடச் சொல்லி உத்தரவு. 18-ம் தேதி நாடு முழுக்க இன்டர்நெட் கட். 19-ம் தேதி நள்ளிரவு முதல் ஊரடங்கு, தெருவில் ராணுவம்.

அப்போது அங்கே இருந்த இந்தியர்கள் சுமார் 15,000 பேர். அதில் சுமார் 8,500 பேர் மாணவர்கள் என்று நம் வெளியுறவு அமைச்சகம் கணக்கு சொன்னது. பெரும்பாலும் மருத்துவம் படிக்கப் போனவர்கள். நம்ம ஊர்ப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள்.

இன்டர்நெட் போனதும் வாட்ஸ்அப் போச்சு, வீடியோ கால் போச்சு. சரி, சாதாரண ஐ.எஸ்.டி. காலாவது போகுமா என்றால், வெளிநாட்டு அழைப்புகளில் பெரும்பாலானவை இணைப்பே கிடைக்காமல் விழுந்தன. பிராட்பேண்ட் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது 23-ம் தேதி. மொபைல் இன்டர்நெட் வந்தது 28-ம் தேதிதான். தினமும் ராத்திரி 'குட்நைட்' ஸ்டிக்கர் வந்தால்தான் தூங்கப் போகும் அம்மாவுக்கு, அந்த நாட்கள் எப்படிப் போயிருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க.

அந்த ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் 1,400 பேர் வரை இறந்திருக்கலாம் என்று 2025 பிப்ரவரியில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சொன்னது. ஆக, 'ஒண்ணும் இல்லம்மா' என்பது அங்கே பொய். 'ஊரே எரியுது' என்பதும் முழு உண்மை இல்லை. இந்த ரெண்டுக்கும் நடுவுல, நீங்க இருக்கிற இடத்துல என்ன நிலவரம்ங்கிறதுதான் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டிய செய்தி.

மாட்டுத்தாவணியில் கலவரம், திருநகரில் நான்

அம்மாவுக்கு டாக்கா மேப் தெரியாது. மதுரை மேப் தெரியும். அதனால மதுரையிலேயே சொல்லுங்க. "பிரச்னை நடக்கிற இடம் நம்ம மாட்டுத்தாவணின்னு வெச்சுக்கம்மா, நான் திருநகர்ல இருக்கேன். நடுவுல ஆறு இருக்கு. இந்தப் பக்கம் கடை தொறந்திருக்கு, காலைல நானே போய் முட்டை வாங்கிட்டு வந்தேன்." இந்த ஒரு வரி பண்ற வேலையை நூறு 'நல்லா இருக்கேன்' பண்ணாது. தூரம், முட்டை, நேரம் மூணுமே அவங்க மனசுல படமா ஓடும். சும்மா புகையையே காட்டிக்கிட்டு இருக்கிற டி.வி. படத்துக்குப் போட்டியா நீங்க ஒரு படம் குடுக்கணும், அவ்வளவுதான் மேட்டர்.

டி.வி.க்காரங்களைக் குறை சொல்லலை. எரியாத தெருவை யார் காட்டப்போறாங்க? 2005 அக்டோபர் 27-ல் பிரான்ஸில் தொடங்கிய கலவரம் மூணு வாரம் நடந்தது, நவம்பர் 8-ல் அவசர நிலையே அறிவித்தார்கள். உலகம் முழுக்க 'பாரிஸ் எரிகிறது' என்றுதான் பேச்சு. ஆனால் தீப்பொறி விழுந்த கிளிஷி-சூ-புவா, பாரிஸின் மையத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் புறநகர். சென்ட்ரலுக்கும் அம்பத்தூருக்கும் உள்ள தூரம்! 2011 ஆகஸ்ட் 6-ல் வட லண்டனின் டாட்டன்ஹாமில் ஆரம்பித்த கலவரத்திலும் அதே கதை. 8-ம் தேதி தெற்கே கிராய்டனில் 140 வருடத்துக்கும் மேல் பழசான 'ரீவ்ஸ்' ஃபர்னிச்சர் கடை எரிந்தது. மேலே இருந்து எடுத்த அந்த ஒரே காட்சி, திரும்பத் திரும்ப, நாடு நாடாக ஓடியது. ஒரு கடை எரிவதை நாற்பது தடவை பார்த்தால், நாற்பது கடை எரிந்த மாதிரிதான் மனசுல நிக்கும்.

இதைப் படிச்சுட்டு 'அப்ப எல்லாமே மீடியா பில்டப்பு'ன்னு முடிவுக்கு வந்துடாதீங்க. அதே லண்டனில், அதே நாட்களில், சைக்கிளில் போன ஒரு மலேசிய மாணவரைத் தாக்கித் தாடை எலும்பை உடைத்தார்கள். ரத்தம் ஒழுக உட்கார்ந்திருந்தவரைக் கைகொடுத்துத் தூக்கிவிடுவது போல வந்தவர்களே, அவர் முதுகுப் பையில் இருந்து திருடினார்கள். உலகமே பார்த்த வீடியோ அது. அந்த ஊருக்கு அவர் வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தது. எந்தத் தெருவில் போகலாம், எதில் போகக் கூடாது என்று புதுசாக வந்தவனுக்கு எப்படித் தெரியும்? அதனால அம்மாவுக்கு மேப் சொல்றதுக்கு முன்னாடி, உங்களுக்கு மேப் தெரியணும். கூடப் படிக்கிற உள்ளூர்ப் பசங்க, ஹாஸ்டல் வாட்ச்மேன், மூலையில டீக்கடை போட்டிருக்கிறவர் இவங்ககிட்ட கேளுங்க. 'இன்னிக்கு எந்தப் பக்கம் போகக் கூடாது?' நியூஸ் சேனலுக்குத் தெரியாதது அவங்களுக்குத் தெரியும்.

எந்த ஊர் எட்டு மணி?

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பேச முடியறப்ப என்ன பேசறதுங்கிறது பாதிதான். பேசவே முடியாமப் போனா? பங்களாதேஷ் கத்துக்குடுத்த பாடம் அதுதான். இன்டர்நெட் நிக்கிறதுக்கு முன்னாடி யாரும் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்ப மாட்டாங்க. எகிப்திலும் 2011 ஜனவரியில் போராட்டம் சூடுபிடித்தபோது நாடு முழுக்க நெட்டை நிறுத்தினார்கள். சுமார் அஞ்சு நாள் கழிச்சுதான் திரும்ப வந்தது.

அதனால நாலு பஸ் எரியுறதுக்கு முன்னாடியே, ஊர் அமைதியா இருக்கும்போதே, வீட்டோட ஒரு ஒப்பந்தம் போட்டுக்கணும். போன் வந்தா என்னங்கிறதுக்கு இல்லை, போன் வரலைன்னா என்னங்கிறதுக்கு! "நெட் இல்லாமப் போகலாம்மா. அப்ப என்னால கூப்பிட முடியாது. கூப்பிடலைன்னா எனக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு அர்த்தம் இல்லை, லைன் இல்லைன்னு அர்த்தம். ரெண்டு நாள் பாரு. அப்பவும் வரலைன்னா முதல்ல என் ரூம்மேட் வீட்டுக்குப் போன் போடு. அவங்களுக்கும் தெரியலைன்னா வார்டன் நம்பர், அப்புறம் தூதரகம்." இதை வரிசையா ஒரு பேப்பர்ல எழுதி, நம்பர்களோட, வீட்டு காலண்டருக்குப் பக்கத்துல ஒட்டிட்டு வாங்க. அப்பா போன்ல சேவ் பண்ணா போதாதா? போதாது. பதட்டத்துல அவருக்கு அந்த போன்ல டார்ச்சுதான் ஆன் ஆகும்.

நேரம் சொல்றதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. "எட்டு மணிக்குக் கூப்பிடறேன்"னு சொல்லிட்டு எட்டே காலுக்குக் கூப்பிட்டீங்கன்னா, அந்தப் பதினஞ்சு நிமிஷத்துல அம்மா பத்து சாமிக்கு நேந்துக்கிட்டு இருப்பாங்க. "எட்டுல இருந்து பத்துக்குள்ள"ன்னு சொல்லுங்க. அதோட எந்த ஊர் எட்டுன்னும் சொல்லுங்க. டாக்கா நம்ம கடிகாரத்தைவிட அரை மணி நேரம் முன்னாடி. அஞ்சாறு மணி நேரம் வித்தியாசம்னா யாருக்கும் குழப்பம் வராது. இந்த அரை மணி நேரம் இருக்கே, அதுதான் ஆளைக் கொல்லும்.

காசு விஷயம் ஒண்ணு. சிம் கார்டுல ஐ.எஸ்.டி. போற அளவுக்கு எப்பவும் பேலன்ஸ் வையுங்க. எல்லாமே நெட்லயே பேசிப் பழகினதால, நம்மில் பல பேருக்கு சாதாரண போன் கால் போகுமான்னே தெரியாது. ஒரு தடவை அடிச்சுப் பாருங்க. அப்புறம், வீட்டு நம்பர் ஒண்ணாவது மனப்பாடமா இருக்கா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. போன்ல சார்ஜ் தீர்ந்து, வார்டன் ரூம் லேண்ட்லைன் முன்னாடி நின்னா, 'அம்மா'ன்னு டைப் பண்ண முடியாது.

ஒரு ரூம்ல நாலு பேர்னா, நாலு வீட்டு நம்பரும் நாலு பேர்கிட்டயும் பேப்பர்ல இருக்கணும். யாருக்கு லைன் கிடைச்சாலும், கிடைக்கிற நாற்பது செகண்ட்ல கொட்ட வேண்டியது இதுதான்: "ஹாஸ்டல்லதான் இருக்கோம். நாலு பேரும் நல்லா இருக்கோம். மூணு நாளைக்கு அரிசி இருக்கு. நெட் இல்லை. நாளைக்குக் காலைல திரும்ப ட்ரை பண்றோம். மத்த மூணு வீட்டுக்கும் இப்பவே சொல்லிடும்மா." அழுகைக்கு நேரம் ஒதுக்காதீங்க. ரெண்டு பக்கமும் அழ ஆரம்பிச்சா லைன் கட் ஆகிறதுக்குள்ள 'எங்கே இருக்கே'ங்கிற கேள்விக்கே பதில் வராது.

ரூமுக்குள்ளயே இருந்தா போதுமா?

"நான் ஹாஸ்டலை விட்டு வெளியவே போகலைம்மா." சமாதானம் சொல்றதுக்கு எல்லாரும் கடைசியா எடுக்கிற அஸ்திரம் இது. பெரும்பாலும் நல்ல அஸ்திரம்தான். ஆனால் 2024 மே மாதம் கிர்கிஸ்தானின் தலைநகர் பிஷ்கெக்கில் அது பலிக்கவில்லை.

மே 13-ல் உள்ளூர் இளைஞர்களுக்கும் வெளிநாட்டவருக்கும் ஒரு அடிதடி. அதன் வீடியோ சில நாள் கழித்துப் பரவியது. 17-ம் தேதி ராத்திரி தெருவில் கூட்டம் கூடி, வெளிநாட்டு மாணவர்கள் தங்கியிருந்த ஹாஸ்டல்களுக்குள் புகுந்து அடித்தார்கள். பாகிஸ்தான், இந்தியா, பங்களாதேஷ் என்று பிரித்துப் பார்க்கவில்லை. முதல் நாள் கணக்கிலேயே ஏறக்குறைய 30 பேருக்குக் காயம். அங்கேயும் நம் நாட்டு மாணவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், எம்.பி.பி.எஸ். படிக்க. 'வெளியே வராதீங்க' என்று இந்தியத் தூதரகம் சொன்னது. எந்த நேரமும் கூப்பிட ஒரு நம்பரும் கொடுத்தது.

இந்த இடத்தில் ரெண்டு விஷயம் கவனிக்கணும். முதலாவது, பங்களாதேஷில் சண்டை அரசாங்கத்துக்கும் மாணவர்களுக்கும். வெளிநாட்டுப் பையன் ஓரமாக இருந்தால் ஓரளவு தப்பிக்கலாம். பிஷ்கெக்கில் குறியே வெளிநாட்டுப் பையன்தான். 'கலவரம்' என்று ரெண்டுக்கும் ஒரே பேர் இருக்கலாம், வீட்டுக்குச் சொல்ல வேண்டிய பதில் ஒன்றாக இருக்க முடியாது. யார் மேல கோபம்னு முதல்ல புரிஞ்சுக்கணும்.

ரெண்டாவது, வதந்தி. அன்னிக்கு ராத்திரியே 'மூணு பாகிஸ்தான் மாணவர்களைக் கொன்னுட்டாங்க' என்ற செய்தி சோஷியல் மீடியாவில் பறந்தது. உயிரிழப்பு எதுவும் இல்லை என்று கிர்கிஸ் அரசு அறிவித்தது. பாகிஸ்தான் தரப்பிலும் அதை உறுதிப்படுத்தும் தகவல் எதுவும் இல்லை என்றார்கள். ஆனால் மறுப்பு வந்து சேர்வதற்குள் எத்தனை வீடுகளில் பெற்றவர்கள் ஒடிந்து உட்கார்ந்திருப்பார்கள்! "மூணு பேரைக் கொன்னுட்டாங்களாமேடா?" என்று அம்மா கேட்டால், "எல்லாம் பொய்யி, வாட்ஸ்அப்பை நம்பாதேன்னு எத்தனை தடவை சொல்றது" என்று எரிந்து விழாதீங்க. உங்களுக்கே அது பொய்யா நிஜமான்னு அந்த நிமிஷம் தெரியாது. "எங்க ஹாஸ்டல்ல யாருக்கும் ஒண்ணும் ஆகலை. மத்த இடத்தைப் பத்தி எனக்குத் தெரியலைம்மா. எம்பஸி என்ன சொல்லுதுன்னு பார்த்துட்டுச் சொல்றேன்." இவ்வளவுதான். 'தெரியலை'ன்னு நீங்க ஒரு தடவை ஒத்துக்கிட்டா, அடுத்த தடவை 'தெரியும்'னு சொல்றதை அவங்க நம்புவாங்க.

அம்மாவுக்கு ஒரு வேலை குடுங்க

முழு உண்மையையும் எல்லார்கிட்டயும் கொட்டணுமா? வேண்டாம். அப்பாவுக்கு சுகர், பாட்டிக்கு பி.பி. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கல் நெஞ்சுக்காரர் இருப்பார். தாய்மாமாவோ, அக்காவோ, சித்தப்பாவோ. பக்கத்து வீட்டில் தீப்பிடித்தால் கத்தாமல் குடத்தைத் தேடுகிற ஆள். அவர்கிட்ட ஒண்ணு விடாம சொல்லுங்க. துப்பாக்கிச் சத்தம் கேட்டுச்சுன்னா அதையும். அதை எப்போ, யாருக்கு, எந்த அளவுக்குச் சொல்றதுன்னு அவர் பார்த்துப்பார். ஆனா அம்மாவுக்கு நீங்க சொல்றது குறைவா இருக்கலாம், மாத்தி இருக்கக் கூடாது. மாமாவுக்கு ஒரு கதை, அம்மாவுக்கு ஒரு கதைன்னா, ரெண்டும் சமையல் ரூம்ல சந்திச்சுக்கும். அப்ப நீங்க காலி.

அடுத்தது, அம்மாவைச் சும்மா உட்கார வைக்காதீங்க. கவலைப்படுற மனுஷிகிட்ட 'கவலைப்படாதே'ன்னு சொல்றது, பசிக்கிறவன்கிட்ட 'பசிக்காதே'ன்னு சொல்ற மாதிரி. வேலை குடுங்க. "பீரோல என் பாஸ்போர்ட் ஜெராக்ஸ் இருக்கும், எடுத்து போட்டோ பிடிச்சு அனுப்பு." "அயலகத் தமிழர் நலத் துறைக்குப் போன் பண்ணி என் பேரையும் காலேஜ் பேரையும் பதிஞ்சு வை." "அந்த நாமக்கல் பையன் வீட்டுல பேசி, அவங்களுக்கு எதுவும் தகவல் வந்துச்சான்னு கேளு." எதுவும் ஒப்புக்குக் குடுக்கிற வேலை இல்லை, நிஜமாவே தேவைப்படும். அங்கே உங்களுக்கு லைன் கிடைக்காத நேரத்தில், இங்கே இருந்து அவங்களால ஆகிற காரியம் நிறைய. உக்ரைனில் 2022-ல் போர் வந்தபோது, அங்கே படித்த பிள்ளைகளின் பெற்றோர் கலெக்டர் ஆபீஸ் ஆபீஸாக மனுவோடு நின்றது ஞாபகம் இருக்கும். 

நீங்க எரிச்சல்படுற நிமிஷம் ஒண்ணு வரும், அதையும் சொல்லிடறேன். ஒரே நாள்ல இருபது மிஸ்டு கால். சார்ஜ் இறங்கிக்கிட்டே போகும். "சும்மா சும்மா கூப்பிடாதம்மா!"ன்னு கத்தத் தோணும். கத்தாதீங்க. "உன்கூடப் பேசியே சார்ஜ் போயிடும், அவசரத்துக்கு வேணும். நானே கூப்பிடறேன்"னு காரணத்தைச் சொல்லுங்க. காரணம் சொன்னா நம்ம அம்மாங்களுக்குப் புரியும். புரியாத மாதிரி நடிக்கிறது கல்யாணப் பேச்சுல மட்டும்தான்.

மொட்டை மாடி டைரக்டர்கள் கவனத்துக்கு!

வீட்டுக்கு 'ஒண்ணும் இல்லை'ன்னு சொல்லிட்டு, மொட்டை மாடியில ஏறி நின்னு புகையை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுற ஆளா நீங்க? உங்க ஸ்டேட்டஸை முதல்ல பார்க்கிறது உங்க ஃப்ரெண்ட்ஸ் இல்லை, பெரியம்மா. அடுத்த ரெண்டாவது நிமிஷம் அது அம்மாகிட்ட இருக்கும், 'உன் புள்ள இருக்கிற இடத்தைப் பாரு'ங்கிற தலைப்போட. அதைவிடப் பெரிய விஷயம், ஜன்னல்ல நின்னு படம் எடுக்கிறவன் யாருன்னு கீழே இருக்கிறவனுக்குத் தெரியாது. பிஷ்கெக்கில் அவ்வளவு பெரிய கூட்டத்தைத் திரட்டியதே ஒரு வீடியோதான்.

அந்த ஊர்க்காரங்க சண்டையில நியாயம் யார் பக்கம்னு உங்களுக்கு ஒரு கருத்து இருக்கும். இருக்கணும். கூடவே உட்கார்ந்து படிக்கிற உள்ளூர் ஃப்ரெண்டு ஒருத்தன் போராட்டத்துக்குப் போறான்னா, அவன் அம்மாவும் எங்கேயோ ஒரு கிராமத்துல போனையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. டாக்காவில் நெட் நின்ற நாட்களில் அந்த அம்மாக்களுக்கும் வாட்ஸ்அப் இல்லை. ஆனா நீங்க ஸ்டூடன்ட் விசாவுல போனவர். உங்களைப் பிடிச்சு உள்ளே வெச்சா, அவனுக்கு வர்ற மாதிரி வக்கீல் மாமா உங்களுக்கு அந்த ஊர்ல கிடையாது.

கிளம்புறதா, இருக்கிறதா?

எவ்வளவுதான் சமாதானம் சொன்னாலும், ஒரு கட்டத்துல சமாதானம் சொல்றதை நிறுத்திட்டுப் பெட்டியைக் கட்ட வேண்டியிருக்கும். இதுல நம்ம ஆளுங்க ரெண்டு மனசா இருப்பாங்க. அப்பா "உடனே கிளம்பி வா"ம்பார். மறுநாள் காலைல "ஃபீஸ் கட்டியாச்சே, பரீட்சை போயிடாதா?"ம்பார். பேங்க் லோன் அவர் பேர்லதானே இருக்கு! உங்களுக்கும் ஒரு வீம்பு இருக்கும். 'பயந்து ஓடி வந்துட்டான்'னு ஊர்ல பேசுவாங்களேன்னு.

என்னைக் கேட்டா, தூதரகம் கிளம்பச் சொன்னா கிளம்பிடணும். பட்டிமன்றமே வேண்டாம். ஃபீஸைப் பத்திச் சென்னை ஏர்போர்ட்ல உட்கார்ந்து சண்டை போட்டுக்கலாம்.

பங்களாதேஷில் 2024 ஜூலை 20 வரைக்கும் 778 இந்திய மாணவர்கள் தரைவழியாக எல்லை தாண்டி வந்திருந்தார்கள், சுமார் 200 பேர் விமானத்தில். 25-ம் தேதி வாக்கில் திரும்பியவர்கள் எண்ணிக்கை 6,700-ஐத் தாண்டிவிட்டது. பேனாபோல்-பெட்ராபோல், தர்ஷனா-கெதே, அகவுரா-அகர்தலா என்று நாம் கேள்விப்பட்டே இராத எல்லைச் சாவடிகள் வழியாக வந்தார்கள். ஊரடங்கு நேரத்தில் எல்லை வரை பாதுகாப்போடு வண்டிகள் செல்ல இந்தியத் தூதரகமும் சிட்டகாங், ராஜ்ஷாஹி, சில்ஹெட், குல்னாவில் உள்ள அதன் துணை அலுவலகங்களும் ஏற்பாடு செய்தன. தனியா வண்டி பிடிச்சு ஹீரோவாட்டம் கிளம்பாம, கூட்டத்தோட போகணும்னு சொல்றது இதுக்குத்தான். 

அகர்தலா வந்துட்டா வீடு வந்துட்ட மாதிரின்னு நினைச்சுடாதீங்க. எல்லைச் சாவடியில் இருந்து ஊர் கூப்பிடு தூரம்தான். ஆனா அங்கிருந்து சென்னைக்குக் கொல்கத்தாவோ குவாஹாட்டியோ சுத்திக்கிட்டு வரணும். கையில காசு இருக்காது, உள்ளூர் சிம் இருக்காது. தமிழ்நாட்டு மாணவர்களில் ஒரு குழுவை அப்படித்தான் அரசு ஏற்பாட்டில் சென்னைக்கு அழைத்து வந்தார்கள். வீட்டில் பேர் பதிஞ்சு வைக்கச் சொன்னது எதுக்குன்னு இப்பப் புரியுதா?

இன்னொண்ணு. பாஸ்போர்ட் உங்க கையில இருக்கா? விசா நீட்டிப்பு, பதிவுன்னு சில இடங்களில் காலேஜ் ஆபீஸோ ஏஜென்ட்டோ வாங்கி வெச்சிருப்பாங்க. கலவர நாளில் ஆபீஸ் பூட்டியிருக்கும். வேலை முடிஞ்ச அன்னிக்கே திரும்ப வாங்கிடுங்க. கிளம்பும்போது வீட்டுக்கு அனுப்ப வேண்டிய மெசேஜ்ல வண்டி நம்பர், கூட வர்ற ஆள் எத்தனை, எந்த எல்லை, எப்போ சேருவோம் இந்த நாலும் இருக்கட்டும். வழியில சிக்னல் இருக்காதுன்னும் சேர்த்து எழுதிடுங்க. அந்த ஆறேழு மணி நேரம்தான் வீட்டுல ரொம்பக் கொடுமையான நேரம். அப்ப அவங்க கையில பிடிச்சுக்க ஒரு வண்டி நம்பராவது இருக்கும்.

நெட் இல்லாத ஊர்ல இருந்து சாதாரண எஸ்.எம்.எஸ். சில சமயம் புகுந்து வந்துடும். அதனால ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு நாள் அம்மா போனை வாங்கி எஸ்.எம்.எஸ். இன்பாக்ஸைத் திறந்து பாருங்க. லோன் வேணுமா, நகைக்கடை ஆடித் தள்ளுபடி, ரீசார்ஜ் முடியப்போகுதுன்னு திறக்காத மெசேஜ் ரெண்டாயிரம் இருக்கும். அத்தனையும் டெலீட் பண்ணுங்க. அப்புறம் பக்கத்து ரூம்ல இருந்து ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பி, அவங்களே திறந்து படிக்கிறாங்களான்னு பார்த்துட்டுப் பெட்டியை எடுங்க.